சோற்றில் கலக்காதீர்கள் அக்கா

“குடியை நிறுத்த ஒரு மாத்திரை இருக்காமே, அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுத்துடலாமா?”

ஆரணியில் தறி வீட்டு அக்கா ஒருவர் டீ குடித்தபடி கேட்டார். கூடவே கூடாது. காரணம் இதுதான்.

அவர் சொன்ன மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். மது ஈரலில் முதலில் அசிடால்டிஹைடு என்ற நச்சாகிறது. பிறகு அந்த நச்சும் சிதைகிறது. இந்த இரண்டாம் படியை மாத்திரை அடைத்துவிடும். அதற்குமேல் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். 1940களில் டென்மார்க் ஆய்வாளர்கள் ஹால்டும் யாகோப்சனும் குடற்புழு மருந்தாகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு மது குடித்தபோது பட்ட பாடு இது. தெரிந்து சாப்பிடுபவரை அந்தப் பயமே தடுக்கும். தெரியாதவர் வழக்கம்போல் குவார்ட்டரைக் கவிழ்ப்பார், உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் விட்டுவிட்டால்? காலையில் அறுந்த இழையைப் பிணைக்க முடியாமல் கை நடுங்கி, ஒரு மடக்கு போனதும் நடுக்கம் நிற்கிறதென்றால், மூளை மதுவுக்குப் பழகிவிட்டது. சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையடுத்து மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியலாம். அதனால்தான் மருத்துவர்கள் குளோர்டயாசிபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். தயாமின் என்ற பி1 சத்தும் சேரும்.

நடுக்கம் அடங்கிய பிறகே அடுத்த மருந்து. நால்ட்ரெக்ஸோன் குடியில் கிடைக்கும் கிறக்கத்தைக் குறைக்கும்; அக்காம்ப்ரோசேட் விட்டவர் விட்டபடி இருக்க உதவும். ஈரல், சிறுநீரகம் பார்த்து மருத்துவரே தேர்ந்தெடுப்பார்.

ஆனால் சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் சாயங்காலத்தை மாத்திரை மட்டும் தாண்டவைக்காது. அன்று கூலி யார் கையில் இருக்க வேண்டும், கூப்பிடும் கூட்டாளிக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசிப் பழக்குவதுதான் ஆலோசனை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறது. மறுபடி குடித்துவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று என்றில்லை. மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆரணிக்குப் பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனை இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அவர் வர மறுத்தால், முதல் தடவை நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள் அக்கா.