ஓடுபாதை எங்கே தொடங்குகிறது?

ஆகாய விமானத்திலிருந்து கீழே நோக்கியவர்கள் ஓடுபாதையின் மீது தீட்டப்பட்டுள்ள வெள்ளைக் கோடுகளையும் பெரிய இலக்கங்களையும் கண்டிருப்பர். அவை யாவும் விமானி வாசிப்பதற்கென எழுதப்பட்டவை.

முதலில் இலக்கத்தைப் பார்ப்போம். கட்டுநாயக்கா ஓடுபாதையின் ஒரு முனையில் 04 எனவும் மறுமுனையில் 22 எனவும் எழுதப்பட்டிருக்கின்றன. பாதை நோக்கும் காந்தத் திசையைப் பாகையில் அளந்து, பத்தால் வகுத்து, கிட்டிய முழு எண்ணை எழுதுவர். ஆகவே 04 என்பது ஏறக்குறைய 40 பாகை. 22 என்பது அதற்கு நேர் எதிர்த்திசை.

இலக்கத்துக்கு முன்னே வரிசையாக நிற்கும் பட்டைகள், இறங்குதற்குரிய பகுதி தொடங்கும் இடத்தை உணர்த்துவன. இதனைத் தொடக்க எல்லை எனலாம். பட்டைகளின் தொகை பாதையின் அகலத்தையும் கூறும்: 30 மீற்றருக்கு 8, 45 மீற்றருக்கு 12.

பாதை தொடங்கும் இடமெல்லாம் தொடக்க எல்லை ஆகிவிடுமா? ஆகாது. பெரிய விமானங்கள் பொதுவாக 3 பாகைச் சரிவிலே இறங்கி, இவ்வெல்லையை ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்திற் கடக்கின்றன. வரும் வழியில் உயர்ந்த மரமோ கட்டடமோ குன்றோ இருப்பின் அச்சரிவு ஆபத்தானது. அப்பொழுது எல்லையை உள்ளே தள்ளி, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இடுவர். அதற்கு முன்னுள்ள பகுதியில் அம்புக்குறிகள் அக்கோட்டை நோக்கி நிற்கும். அப்பகுதியில் இறங்குதல் கூடாது. எனினும் புறப்படும் விமானம் அங்கிருந்தே ஓடத் தொடங்கலாம். அம்புத்தலை போன்ற மஞ்சட் கோடுகளைக் கண்டாலோ, அவ்விடம் புறப்படுதற்கும் ஆகாது. இரவில் எல்லையைப் பச்சை விளக்குகள் காட்டும்.

திருத்த வேலைக்காகச் சிறிது காலம் பாதையைக் குறுக்கும்போது, விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தல் அனுப்பப்படும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 2003 யூலை 16ஆந் திகதி அவ்வாறே அறிவிக்கப்பட்டிருந்தது; கட்டுப்பாட்டு நிலையமும் எஞ்சிய நீளத்தைச் சொல்லியது. ஆயினும் ஒரு விமானத்தின் விமானிகள் பாதை குறுகியதை உணர்ந்திலர். முழு நீளத்துக்குக் கணித்த விசையோடு ஓடினர். மறுமுனையில் நின்ற ஊர்திகளைக் கண்டபோது நிறுத்துதற்கு இடமில்லை. 14 அடி உயரமான ஊர்தி ஒன்றை 56 அடி இடைவெளியிற் கடந்து விமானம் மேலெழுந்தது. நல்வாய்ப்பாக எவருக்கும் ஊறு நேரவில்லை.

எழுதியவர் எழுதிவிட்டார் என்பதனால் வாசித்தவர் உணர்ந்துவிட்டார் என்று கொள்ளலாகாது. எல்லை மாறிய நாளில், நேற்றைய நீளத்தை மறந்து இன்றைய நீளத்தைக் கொண்டு கணக்கிடுவதே விமானியின் முதற் கடமையாகும்.