ஒரே சளி... அண்ணனுக்குத் தும்மல், தங்கைக்கு மூச்சுத்திணறல்! ஏன்?

குட்டீஸ், வீட்டில் ஒருவருக்கு ஜலதோஷம் வந்தால் என்ன ஆகும்? நான்கே நாட்களில் அண்ணன், தங்கை, அம்மா என்று எல்லாரும் வரிசையாக 'அச்... அச்...' என்று தும்ம ஆரம்பித்து விடுவார்கள். அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டே கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான். தங்கைக்கோ ராத்திரியில் நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போல சத்தம் வரும். படுக்க முடியாது. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள்.

"ஐஸ்க்ரீம் சாப்பிட்டே இல்ல, அதான்!" என்று பாட்டி திட்டுவார். "மழையில நனைஞ்சே, அதான்!" என்பார் அப்பா. பாவம், இரண்டையுமே அவள் செய்திருக்க மாட்டாள்!

ஒரே வீடு, ஒரே சளி. ஒருவருக்கு வெறும் தும்மல், இன்னொருவருக்கு மட்டும் ஏன் ஆஸ்துமா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் விடை தேடிய கதையைப் பார்ப்போமா?

முதலில் ஆஸ்துமா என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். நாம் இழுக்கும் காற்று, மரக்கிளைகள் போலப் பிரிந்து செல்லும் மூச்சுக்குழாய்கள் வழியாக நுரையீரலுக்குள் போகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் குழாய்களின் உட்சுவர் பெரும்பாலும் லேசாக வீங்கியே இருக்கும். ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சுவர் இன்னும் வீங்கும், சளி வந்து அடைக்கும். குறுகிப் போன குழாய்க்குள் காற்று முண்டியடித்துப் போவதால்தான் அந்த விசில் சத்தம்!

மூக்கு வைரஸ்

தூண்டிவிடும் அந்த 'ஏதாவது ஒன்று' எது? தூசி, புகை, பூக்களின் மகரந்தம் என்று பலவும் உண்டு. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் பெரிய குற்றவாளி யார் என்பதை, இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் என்ற துறைமுக நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டிக் கொடுத்தது.

9 முதல் 11 வயது வரையுள்ள 108 குழந்தைகள் அதில் கலந்து கொண்டார்கள். எல்லாருக்கும் இருமலோ, மூச்சிரைப்போ அடிக்கடி வருவதுண்டு. தினமும் ஒரு சின்னக் கருவியில் 'பூ' என்று பலமாக ஊதி, எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று குறித்து வைக்க வேண்டும். சளியோ, இருமலோ வந்தால் மூக்கில் இருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். இப்படியே 13 மாதங்கள்! (நாம் டைரி எழுத ஆரம்பித்தால் பொங்கலோடு நிறுத்தி விடுவோம். அந்தக் குழந்தைகளைப் பாராட்டத்தான் வேண்டும்.) 1995ல் முடிவு வெளியானது. மூச்சிரைப்பு வந்த நேரங்களில் நூற்றுக்கு 80 தடவை, மூக்கில் ஏதோ ஒரு வைரஸ் இருந்தது. அதிலும் மிக அதிகமாகச் சிக்கியது ரைனோ வைரஸ்.

'ரைனோ' என்பது மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. மூக்கில் கொம்புள்ள காண்டாமிருகத்தை ஆங்கிலத்தில் 'ரைனோசெரஸ்' என்பதும் இதனால்தான்! சாதாரண ஜலதோஷத்தைக் கொண்டு வருவதில் இந்த வைரஸுக்கே முதலிடம். 160க்கும் அதிகமான வகைகள் இருப்பதால், ஒன்றை விரட்டினால் இன்னொன்று வந்து நிற்கும். இதற்குத் தடுப்பூசியும் இன்னும் வரவில்லை.

சரி, வைரஸ்தான் காரணம் என்றால் எல்லாருக்கும் அல்லவா மூச்சிரைக்க வேண்டும்? ஒருவேளை ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சளி அதிகமாகப் பிடிக்கிறதோ?

இதைச் சோதிக்க அதே நகர விஞ்ஞானிகள் ஓர் அழகான யோசனை செய்தார்கள். ஒரே வீட்டில் வாழும் 76 ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு ஆஸ்துமா உண்டு, மற்றவருக்கு இல்லை. மூன்று மாதங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவர் மூக்கிலும் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். 2002ல் விடை கிடைத்தது. ரைனோ வைரஸ் இருவரையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிடித்திருந்தது! ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மட்டும் அது நெஞ்சுக்குள் இறங்கியது. கஷ்டமும் அதிகம், குணமாக ஆன நாட்களும் அதிகம்.

அப்படியானால் வித்தியாசம் வைரஸில் இல்லை. உடம்பு அதை எதிர்க்கும் விதத்தில் இருக்கிறது.

தண்டோரா போடும் செல்

அந்தக் காலத்தில் ஊருக்குள் ஏதாவது ஆபத்து என்றால் தண்டோரா போட்டு எல்லாரையும் உஷார்ப்படுத்துவார்கள் இல்லையா? நம் செல்களும் அதையே செய்கின்றன. வைரஸ் நுழைந்த செல், 'இன்டர்பெரான்' என்ற பொருளை வெளியே விடும். பக்கத்துச் செல்கள் உடனே உஷாராகிக் கதவை அடைத்துக் கொள்ளும். 1957ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், கோழி முட்டைக்குள் இருக்கும் சவ்வையும் ப்ளூ வைரஸையும் வைத்துச் சோதனை செய்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

2005ல் சௌதாம்ப்டன் விஞ்ஞானிகள் ஆஸ்துமா உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவரின் மூச்சுக்குழாயில் இருந்தும் செல்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ரைனோ வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஆஸ்துமா இல்லாதவர்களின் செல்கள் வேகமாகத் தண்டோரா போட்டன. அதுமட்டுமல்ல, வைரஸ் பிடித்த செல் பலவும், "நான் போனாலும் பரவாயில்லை, நீ பெருகக் கூடாது!" என்பது போலத் தன்னையே அழித்துக் கொண்டன. ஆஸ்துமா உள்ளவர்களின் செல்களோ இன்டர்பெரானைக் குறைவாகவே விட்டன. வைரஸ் ஜாலியாகப் பெருகியது. வெளியில் இருந்து கொஞ்சம் இன்டர்பெரானைச் சேர்த்ததும் அதன் ஆட்டம் அடங்கிவிட்டது!

சபாஷ், விஷயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வேறு சில ஆய்வுக்கூடங்களில் இதே முடிவு கிடைக்கவில்லை. 2014ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருந்தவர்களின் செல்கள் மற்றவர்களைப் போலவே இன்டர்பெரானை விட்டன. ஆக, ஆஸ்துமா உள்ள எல்லாருடைய தண்டோராவும் பழுது என்று சொல்ல முடியாது.

காவலாளி செய்யும் குழப்பம்

இன்னொரு ரகசியமும் உண்டு. நம் ரத்தத்தில் 'ஐ.ஜி.இ.' என்ற காவலாளி இருக்கிறார். குடல் புழுக்கள் போன்றவற்றோடு சண்டை போடுவது இவர் வேலை. 1966ல் அமெரிக்காவில் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி இவரை அடையாளம் கண்டார்கள். அலர்ஜி உள்ளவர்கள் உடம்பில் இவர் கூட்டம் அதிகம். வெறும் வீட்டுத் தூசியைப் பார்த்தும் "எதிரி, எதிரி!" என்று கத்துவார். அவர் அப்படிக் கத்தும்போது, இன்டர்பெரானை விட வேண்டிய சில வெள்ளை அணுக்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போகிறது. அதாவது, தூசியும் வைரஸும் ஒரே நேரத்தில் வந்தால் ஆபத்து இரட்டிப்பு!

அமெரிக்காவில் ஆஸ்துமாவுள்ள பள்ளி மாணவர்களில் சிலருக்கு, இந்த ஐ.ஜி.இ.யைக் கட்டிப்போடும் ஊசியைப் பள்ளி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆஸ்துமா தொல்லை குறைந்தது. யாருடைய இன்டர்பெரான் நன்றாக ஏறியதோ, அவர்களுக்கு இன்னும் குறைவு. இது 2015ல் வெளியான முடிவு. விலை அதிகமான ஊசி இது. டாக்டர்கள் எல்லாருக்கும் இதை எழுதிக் கொடுப்பதில்லை.

ஏன் பள்ளி திறப்பதற்கு முன்பு என்கிறீர்களா? கனடாவில் கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் பள்ளி திறக்கும். திறந்து சுமார் 17, 18 நாட்களில், ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரிக்கு வரும் மாணவர்கள் கூட்டம் உச்சத்தைத் தொடும்! வகுப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் சளியைப் பரிமாறிக் கொள்வதுதான் காரணம். சில நாட்கள் கழித்துப் பெரியவர்களும் வருவார்கள். ஆமாம், வீட்டுக்குச் சளியைக் கொண்டு போனது நம்மைப் போன்ற சுட்டிகளேதான்!

இரண்டு இன்ஹேலர்

ஆஸ்துமா உள்ள பலரிடம் இரண்டு வகை இன்ஹேலர் இருக்கும். ஒன்று, மூச்சு இரைக்கும்போது உடனே குழாயை விரிப்பது. இது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். மற்றொன்று தினமும் எடுத்துக் கொள்வது. குழாயின் வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைப்பது இதுதான். இதை எடுத்ததும் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால், "எனக்குத்தான் நல்லா இருக்கே!" என்று பலர் நிறுத்தி விடுகிறார்கள். அடுத்த சளி வரும்போது வீங்கிய குழாயோடு அகப்பட்டுக் கொள்கிறார்கள். நிறுத்துவதா, குறைப்பதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வகுப்பில் யாருக்காவது திடீரென்று மூச்சு இரைத்தால், அவரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். சுற்றிக் கூட்டம் போட வேண்டாம். ஒருவர் ஓடிப்போய் டீச்சரை அழைத்து வாருங்கள். இன்னொருவர் அவருடைய பையில் இருந்து நீல இன்ஹேலரை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அதன் பிறகும் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமாக மாறினாலோ, உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். ஐஸ்க்ரீம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள்!