நிறுத்துவதும் ஒரு நெருப்பு

பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. அடுத்துள்ள அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. டயரும் பிரேக்கும் இங்கே அன்றாடப் பேச்சு. அவை தாங்கும் பாடு எவ்வளவு என்பது முழுதாகத் தெரியும் இடம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1990-ல் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் பந்தயத்தடம். இப்படிப்பட்ட தடத்தில் சொந்தக் காரோடு பயிற்சிக்குப் போகிறவர் இன்ஜினுக்கு முன்பே இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். காரணம் வெப்பம்.

1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 2.4 லட்சம் ஜூல். வேகம் இரட்டித்து 144 ஆனால் ஆற்றல் நான்கு மடங்காகி 9.6 லட்சத்தைத் தொடும். பிரேக்கை மிதித்தால் இதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக மாறுகிறது. மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு, சில நொடிகளில்! சாலையில் அது ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். தடத்திலோ அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலையும் எட்டுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. நான்கு சதவீதத்துக்கும் குறைவான நீர் கலந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த கால் தரைவரை போகும், கார் நிற்காது. அதனால்தான் தடத்துக்குப் போகும் முன் ஆயிலைப் புதிதாக மாற்றுகிறார்கள். பேடின் தடிமனையும் டிஸ்க்கில் விரிசல் உண்டா என்பதையும் பார்க்கிறார்கள்.

பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். சாலையைத் தொடும் ரப்பர் ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறத்தாழ உள்ளங்கை அளவுதான். டயருக்குள் இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால், 32 பி.எஸ்.ஐ. அழுத்தம் 39-ஐத் தாண்டும். அழுத்தம் மிஞ்சினால் ரப்பர் தரையில் பதியும் பரப்பு சுருங்கி, பிடிப்பு குறையும். ஆகவே ஓடி வந்தவுடன் மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட்டு, நிறுத்தியபின் கைப்பிரேக் போடாமல் கியரில் விடுவதும் பயிற்சியின் பகுதியே.

பச்சைமலையிலிருந்து இறங்கும் காருக்கும் விதி இதுவே. லாரியில் பிரேக்கை அழுத்துவது ஆயில் அல்ல, காற்று. ஆனால் கல் ஏற்றிய லாரி சரிவில் இறங்கும்போது அதன் பிரேக் கட்டையும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டுக்கும் தாழ்ந்த கியரே காவல். உங்கள் காரில் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு கடந்திருந்தால், அடுத்த மலைப்பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.