மேடை மறைந்தாலும் படம் பேசும்

கல்லில் வடித்தது நிற்கிறது. ஏட்டில் எழுதியது நிற்கிறது. மேடையில் நடித்ததோ, பார்த்தவர் நெஞ்சில் மட்டுமே நிற்கிறது. அந்நெஞ்சங்களும் ஒவ்வொன்றாய் மறைந்துவரும் இந்நாளில், நாம் பிழைக்க வந்த பம்பாய் மாநகரின் நாடகக் குழு ஒன்றைப் பழைய திரைப்படங்களின் துணைகொண்டு நினைவுகூர விழைகின்றோம்.

1944ஆம் ஆண்டில் பிருதிவிராஜ் கபூர் 'பிருதிவி தியேட்டர்ஸ்' குழுவைத் தோற்றுவித்தார். முதல் நாடகம் 'சகுந்தலா'. 1945இல் அரங்கேறிய 'தீவார்', அதாவது 'சுவர்', உடன்பிறந்தார் வாழும் வீட்டில் சுவர் எழும்புவதைக் காட்டி, நாட்டுப் பிரிவினை நேருமுன்பே அதன் துயரை எச்சரித்தது. பின்னர் 'பட்டான்', 'கத்தார்', 'ஆஹுதி' முதலியன வந்தன. ஆபரா ஹவுஸ் அரங்கில் நாடகம் முடிந்ததும், பிருதிவிராஜ் வாயிலில் துணியேந்தி நின்று நற்பணிகளுக்குப் பொருள் திரட்டுவாராம்.

நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞரும் தொழிலாளரும் ஓவியத் திரைகளோடும் பெட்டிகளோடும் ரயிலேறி நாடெங்கும் சென்றனர். அத்தனை சாமான்களையும் குறித்த நாளில் குறித்த ஊரில் சேர்ப்பது எத்துணைப் பெரும்பாடு என்பதை, ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம் நன்கு அறிவோம். பதினாறு ஆண்டுகள் உழைத்தபின், பிருதிவிராஜின் உடல்நலம் குன்ற, 1960இல் குழு கலைந்தது.

எஞ்சியவை எவை? 'பைசா' நாடகத்தை அவரே 1957இல் திரைப்படமாக இயக்கினார். அவர் மைந்தர் ராஜ் கபூர் 1948இல் எடுத்த 'ஆக்', நாடக மேடையையே கனவாய்க் கொண்ட இளைஞனின் கதை. 1960இல் வெளிவந்த 'முகலே ஆசம்' படத்தில் அக்பராக முழங்கும் குரலைக் கேளுங்கள். கடைசி வரிசைக்கும் எட்டும்படி மேடையில் பழகிய குரல் அது! இசையமைப்பாளர் சங்கர்-ஜெய்கிஷனும், நடிகை ஜோரா சேகலும் இக்குழுவில் பணியாற்றியவர்களே. 1978இல் ஜுஹுவில் எழுந்த பிருதிவி அரங்கு, அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆயினும் படச்சுருளும் அழிவற்றதன்று. 2003இல் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. மேலும், படத்தில் அடங்காதனவும் உள. நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், சிறுவனாய்த் தந்தையின் கைபிடித்து ஆபரா ஹவுஸ் சென்றவர். "துணியில் ஓரணா போட்டேன், அவர் தலை நிமிரவே இல்லை, கண் கலங்கியிருந்தது" என்று நம்மிடம் சொன்னார். அந்த ஓரணா எந்தப் படத்திலும் இல்லை. சென்ற மாதம் நாம் மீண்டும் கேட்டபோது, அவருக்கு நாடகத்தின் பெயரே நினைவில்லை.

அன்பர்களே! நம் சங்க மேடையிலும் ஆண்டுதோறும் நாடகங்கள் நடந்தன. அலுவலகம் முடிந்து வந்து வேடம் புனைந்தோர் எத்தனை பேர்! அவற்றுள் ஒன்றேனும் படமாக்கப்பட்டதா? இல்லை. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் புகைப்படங்களையும் அழைப்பிதழ்களையும் வெளியே எடுங்கள். வீட்டுப் பெரியவர்களை அமரவைத்துக் கேளுங்கள். கைபேசியிலேனும் அவர்தம் குரலைப் பதிந்து வையுங்கள்.

நாளைக்கு என்று தள்ள வேண்டா. நாம் தள்ளியதன் பயனை மேலே எழுதியுள்ளோம்.