மின்னும் லாரி செய்வோமா?

பாகிஸ்தானில் கராச்சி, பெஷாவர் பக்கம் ஓடுகிற லாரிகளைப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? விரற்கடை இடம்கூடச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே கிரீடம்போல உயர்ந்து நிற்கும் முகப்பு. அதில் மயில், கவுதாரி, ரோஜா, பனிமலை. கீழே பம்பரில் வரிசையாகச் சங்கிலிகள் தொங்கும்; வண்டி அசைந்தால் கலகலவென்று ஒலிக்கும். 2002இல் கராச்சி ஓவியர் ஹைதர் அலி வாஷிங்டன் நகரத்துக்கே போய், ஒரு விழாவில் மக்கள் கண்ணெதிரில் லாரிக்கு வண்ணம் தீட்டினார்.

எனக்கு அந்த லாரிகளில் ரொம்பப் பிடித்தது ‘சமக் பட்டி’. பளபளக்கும் வண்ண ஸ்டிக்கர்களைப் பூவாகவும் இலையாகவும் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் அதைச் செய்தால், இரவில் எதிர் வண்டியின் விளக்கு பட்டதும் லாரியே எரிவதுபோலத் தெரியும். உள்ளே பல்பு எதுவும் கிடையாது. பிறகு எப்படி?

லாரி ஒன்று செய்து பார்த்துவிடுவோம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிதான் வண்டியின் உடல். முன்னால் சின்னப் பெட்டி ஒன்று, அதன் மேலே அட்டையில் வெட்டிய கிரீடம். பாட்டில் மூடிகள் சக்கரங்கள். பழைய கொலுசு மணிகள் கிடைத்தால் முன்னால் கோத்துத் தொங்கவிடுங்கள். கரும்பச்சையோ நீலமோ அடித்து, அதன்மேல் மஞ்சளிலும் சிவப்பிலும் உங்கள் ஊர்ப் பறவைகளையும் பூக்களையும் வரையுங்கள். வேலையை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். அந்தக் கலைஞர்களும் ஒரு லாரிக்கு வாரக்கணக்கில் உழைக்கிறார்கள்.

வண்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று பட்டைகள் ஒட்டுங்கள்: வெள்ளைத்தாள், சுருக்கமில்லாத அலுமினியத் தாள், சைக்கிள் கடையில் கிடைக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். இரவு விளக்கை அணைத்துவிட்டு, அறையின் மறு கோடியில் நின்று டார்ச்சைக் காதோரம் பிடித்து அடியுங்கள். பிறகு லாரியைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். வெள்ளைத்தாள் எப்போதும்போல மங்கலாகத் தெரியும், ஏனென்றால் அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடுகிறது. அலுமினியம் ஒளியை வேறு பக்கம் தள்ளிவிட்டு இருண்டுபோகும். ஸ்டிக்கர் மட்டும் விடாமல் உங்களைப் பார்த்தே ஜொலிக்கும். பக்கவாட்டில் தள்ளி நிற்கும் தம்பியைக் கேளுங்கள், “அப்படி ஒன்றும் மின்னலையே” என்பான். ஒளி வந்த வழியே டார்ச்சுக்கும் உங்கள் கண்ணுக்கும் திரும்பிவிட்டது, அவனிடம் போகவில்லை.

சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டி மூலைகள் நெருக்கமாக நிற்கும். கேரம் ஆடும்போது ஸ்ட்ரைக்கர் மூலைக்கு அருகில் இரண்டு கட்டையிலும் மோதினால், வந்த திசைக்கே திரும்புமே, அதே கதைதான். ஒளி மேலும் கீழும் சாய்ந்து வருமென்பதால் இங்கே மூன்று சுவர்கள். சில ஸ்டிக்கர்களில் மூலைக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகள் இருக்கும். அவற்றின் வேலையும் இதுதான்.

மூன்று சதுரக் கண்ணாடிகளின் ஓரங்களில் பெரியவர்களை டேப் ஒட்டித் தரச் சொல்லி, அறையின் மூலைபோலச் சேர்த்து வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். தலையை எங்கே நகர்த்தினாலும் திறந்த கண் அந்த மூலையிலேயே தெரியும்!

1969இல் அப்போலோ 11 வீரர்கள் இப்படிப்பட்ட 100 மூலைகள் கொண்ட பலகையை நிலாவில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டு இரண்டரை விநாடியில் திரும்புகிறது. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுவதை இப்படி அளந்துதான் சொல்கிறார்கள்.

மிச்சமிருக்கும் ஸ்டிக்கரைத் தூக்கிப்போடாதீர்கள். இருட்டில் வீடு திரும்பும் அப்பாவின் சைக்கிளுக்கும் உங்கள் புத்தகப்பைக்கும் ஒட்டுங்கள்.