பேச்சு முடிந்த பிறகும் 27 விநாடி ஆபத்து!

மோட்டார் ஓட்டிக்கொண்டே டெலிபோனில் பேச இப்போது கை தேவை இல்லை. "வீட்டுக்குப் போன் போடு" என்று வாயால் சொன்னால் போதும். கருவியே நம்பரைத் தேடிப்பிடித்து, பேச வழி செய்துவிடும்!

மனம் எங்கே?

கை ஸ்டியரிங்கில் இருக்கிறது. கண் ரோட்டில் இருக்கிறது. ஆனால் மனம்?

அமெரிக்காவில், உட்டா சர்வகலாசாலையின் மனோதத்துவ நிபுணர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். 2015-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. சில கருவிகளில், கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 விநாடி வரை ஓட்டுகிறவரின் கவனம் முழுவதும் திரும்பவில்லை!

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே, அதற்குள் கார் 300 மீட்டர் ஓடிவிடும். அப்போது ஒரு குழந்தை குறுக்கே வந்தால்?

பக்கத்தில் இருப்பவர்

காரில் பக்கத்தில் இருப்பவரும் பேசத்தானே செய்கிறார்? ஆம். ஆனால் அவருக்கு ரோடு தெரியும். ஆபத்து என்றால் பேச்சை நிறுத்துவார். "பார்த்து!" என்று எச்சரிப்பார். டெலிபோனில் பேசுகிறவருக்கு அது தெரியாது.

ஆகவே, வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. "வண்டி ஓட்டுகிறேன்" என்று பதில் வந்தால், "நிறுத்திவிட்டுப் பேசுங்கள்" என்று சொல்லி உடனே வைத்துவிட வேண்டும். சேதி சற்றுத் தாமதமாகலாம். ஆள் பத்திரமாக வீடு வந்து சேரவேண்டும்.