வெட்டிய போத்தலும் வெட்டாத போத்தலும்

பனை வளரும் ஊர்களில் நுங்கு தின்ற பிள்ளைகள் அதன் காயை வீசிவிடுவதில்லை. இரண்டு காய்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நீண்ட கவைக்குச்சியால் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவார்கள். நுங்கு வண்டி என்னும் அவ்விளையாட்டுப் பொருளில் சக்கரமும் அச்சும் அடங்கியிருக்கின்றன. தேங்காய்ச் சிரட்டை அகப்பையாகும். முற்றிய சுரைக்காய் நீர் முகக்கும் குடுக்கையாகும். கழித்த பொருளைக் கருவியாக்குவது தமிழர்க்குப் புதிய பாடமன்று. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழியும் அவ்வழக்கத்தில் பிறந்ததே எனலாம்.

இக்காலப் பள்ளிகளில் அந்த நுங்கு வண்டியின் இடத்தைப் பிளாஸ்டிக் போத்தல் பிடித்திருக்கிறது. பேனாக் கூடு, பூந்தொட்டி, உண்டியல், பொம்மை எனப் பலவும் அதிலிருந்து ஆக்கப்படுகின்றன. ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விளையாட்டு அலுத்தபின் நுங்கு வண்டி கொல்லையில் கிடந்து மண்ணாகிவிடும். போத்தலால் செய்த பேனாக் கூடு மண்ணாகாது. செய்தவர் கையில் அது எத்தனை நாள் பயன்பட்டது, பின் எங்கே போயிற்று என்ற கேள்வி அதனோடு ஒட்டிக்கொண்டே வரும். அக்கேள்விக்கு விடை காணாமல் போத்தலை வெட்டத் தொடங்குவது கைவேலையாகலாம்; சிக்கனம் ஆகாது.

போத்தலின் பிறப்பு

குளிர்பானமும் குடிநீரும் அடைக்கப்படும் தெளிந்த போத்தல் பாலிஎத்திலீன் டெரிப்தலேட்டு என்னும் பொருளால் ஆனது. சுருக்கமாக அதனைப் பெட் என்பர். 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலார் இதனைக் கண்டறிந்தனர். முதலில் இது துணி நெய்யும் இழையாகவே பயன்பட்டது. பாலியெஸ்டர்ச் சட்டையும் பெட் போத்தலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். வாயு நிறைந்த பானத்தின் அழுத்தத்தைத் தாங்கும் போத்தலாக இதனை ஊதி வார்க்கும் முறைக்கு 1973இல் அமெரிக்கப் பொறியாளர் நத்தானியேல் வையத் காப்புரிமை பெற்றார். எடை குறைவு, உடையாத தன்மை, தெளிவு ஆகிய மூன்று குணங்களும் கண்ணாடிப் போத்தலைக் கடையிலிருந்து மெல்ல விலக்கின. அந்த மூன்று குணங்களே அறிவியல் ஆசிரியருக்கும் வேண்டியவை என்பது கருதத்தக்கது.

குவீன்ஸ்டவுனில் ஒரு போத்தலின் பயணம்

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகர். இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953ஆம் ஆண்டில் அவர் நினைவாக அப்பெயர் பெற்றது. சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிலையம் தொடங்கிய கட்டுமானத்தை 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடர்ந்தது. காமன்வெல்த் டிரைவிலுள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலால் தமிழர்க்கு நன்கு அறிமுகமான ஊர் அது.

அடுக்குமாடி வீட்டில் கொல்லை இல்லை. பழைய பொருளைப் போட்டுவைக்கப் பரண் இல்லை. குப்பைக் குழாயின் கதவைத் திறந்து போட்டால் பொருள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். மறைந்த பொருள் போகும் வழி நீளமானது. சிங்கப்பூரின் எரிக்கத்தக்க குப்பை எரிவுலைகளுக்குச் செல்கிறது. எரித்தபின் பருமனில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சுகிறது. அச்சாம்பல் படகேறிக் கடல் நடுவே உள்ள செமக்காவ் நிரப்பிடத்தை அடைகிறது. 1999இல் தொடங்கிய அந்த நிரப்பிடம் 2035 அளவில் நிறைந்துவிடும் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதன்பின் புதிய இடம் தேட அந்நாட்டில் நிலம் இல்லை.

2001இல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கியது. நீலத் தொட்டிகள் குடியிருப்பெங்கும் வந்தன. எனினும் 2023இல் சிங்கப்பூரில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 9,57,000 டன். அதில் மறுபயனுக்குச் சென்றது நூற்றுக்கு 5 பங்கே. நீலத் தொட்டிகளில் விழுவனவற்றில் நூற்றுக்கு 40 பங்களவு உணவுக்கறை முதலியவற்றால் கெட்டுப் பயனற்றுப் போவதும் இதற்கு ஒரு காரணம்.

பத்துக் காசின் பாடம்

கண்ணாடிச் சோடாப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கும் பழக்கம் சிங்கப்பூரில் முன்பு இருந்தது. தெருவில் கூவி வரும் காராங்குனிக்காரரும் பழைய போத்தலுக்குக் காசு தந்தார். போத்தலுக்கு விலை இருந்தவரை அது குப்பையாகவில்லை. அந்தப் பழைய அறிவே புதிய சட்டமாக வடிவெடுத்திருக்கிறது. பானக் கலன்களைத் திரும்பப் பெறும் திட்டத்தின் தொடக்க நாளாக 2026 ஏப்ரல் 1 அறிவிக்கப்பட்டது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரை கொள்ளும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் உலோகக் கலனுக்கும் வாங்கும்போது 10 காசு முன்பணம். திட்ட முத்திரையுள்ள வெற்றுக் கலனைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு மீளும். கலன் முழுமையாக இருக்கவேண்டும். அதன்மேலுள்ள பட்டைக்குறியீடு சிதையாதிருக்கவேண்டும்.

ஆசிரியர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. கத்தரிக்கோல் பட்ட போத்தலுக்கு 10 காசு திரும்பாது. இழப்பு காசோடு நிற்பதுமில்லை. தூய பெட் போத்தல் மீண்டும் போத்தலாகவோ இழையாகவோ மாறத்தக்கது. அதன்மேல் பசையும் வண்ணமும் மினுக்குத் தூளும் ஒட்டிவிட்டால் எந்த ஆலையும் அதனை விரும்பாது. ஒரு வாரம் மேசையில் நின்று பின் குழாயில் விழும் அலங்காரப் பொருள், நேராகத் திருப்பிக் கொடுத்த போத்தலைவிடக் கூடுதலான கழிவையே உண்டாக்குகிறது. கைவேலைக்கென்றே புதிய போத்தல்களை வாங்கிவரச் சொல்வதோ நோக்கத்தையே தலைகீழாக்குவதாகும்.

எனவே வெட்டுமுன் இரண்டு கேள்விகள் வேண்டும். இப்பொருள் கடையில் வாங்கவேண்டிய வேறொன்றின் வேலையை நெடுநாள் செய்யுமா? அல்லது, வேறு வழியில் எளிதாக விளங்காத ஒன்றை இது விளக்குமா? இரண்டில் ஒன்றுக்கேனும் ஆம் என்ற விடை கிடைத்தால் 10 காசு நல்ல செலவே.

வெட்டாமலே செய்யத்தக்கவை

போத்தலைச் சிறிதும் சிதைக்காமல் நடத்தத்தக்க சோதனைகளில் சிறந்தது மூழ்கியின் சோதனை. துளையில்லாத பேனா மூடி ஒன்றின் கவ்வியில் சிறிது களிமண்ணை அப்பி, வாய் கீழ்நோக்க நீரில் விட்டால் மட்டுமட்டாக மிதக்கும்படி செய்துகொள்ளவேண்டும். அதனை விளிம்புவரை நீர் நிறைந்த போத்தலுக்குள் இட்டு மூடியை இறுக்கிவிட்டுப் பக்கங்களை அழுத்தினால் பேனா மூடி மூழ்கும். கையைத் தளர்த்தினால் எழும். அழுத்தம் நீர் முழுதும் பரவி, பேனா மூடிக்குள் அடைபட்ட காற்றைச் சுருக்குகிறது, சுருங்கிய இடத்தில் நீர் ஏறுகிறது, மிதப்பாற்றல் குறைகிறது. பாஸ்கல் விதி, பாயில் விதி, ஆர்க்கிமிடீஸ் விதி மூன்றையும் ஒரே போத்தலில் காட்டியபின் நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கலாம்.

மற்றொன்று இன்னும் எளிது. நசுங்கியோ குறியீடு கிழிந்தோ காசுக்கு உதவாத போத்தல் ஒன்றின் சிறு துண்டையும் அதன் மூடியையும் நீரில் இட்டு, ஒட்டிய காற்றுக்குமிழ் நீங்க விரலால் அமுக்கிவிடவேண்டும். துண்டு மூழ்கிக் கிடக்கும்; மூடி மேலே வரும். பெட்டின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.38 கிராம், மூடி வேறு பிளாஸ்டிக், நீரினும் அடர்த்தி குறைந்தது. மறுபயன் ஆலைகள் இவ்விரண்டையும் பிரிக்கக் கையாளுவதும் இந்த முறையையே. வகுப்பில் ஒரு கிண்ணத்தில் கண்டது ஆலையில் பெருந்தொட்டியில் நிகழ்கிறது என்றறியும் பிள்ளைக்கு அடர்த்தி என்பது வெறுஞ்சொல்லாக இராது.

வெட்டத் தகுந்தவை

மழைமானி அவற்றுள் ஒன்று. ஒரே அகலமுள்ள போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டிக் கவிழ்த்து உடலின்மேல் புனலாகப் பொருத்தவேண்டும். மேடுபள்ளமான அடிப்பகுதியைக் கூழாங்கல்லிட்டு நீரால் நிரப்பி, அந்த நீர்மட்டத்தைச் சுழியம் எனக் குறித்து, அதற்குமேல் அளவுகோலை ஒட்டினால் கருவி ஆயத்தம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெறும் சிங்கப்பூரில் இது ஓய்ந்திருக்காது. ஓராண்டுக் கணக்கை எழுதிவைத்த வகுப்பு, பருவமழை என்ற சொல்லைத் தன் கையால் அளந்த வகுப்பாகும்.

மற்றது மூன்று துளைச் சோதனை. பாடநூல் படங்களில் இது பலமுறை வந்திருக்கிறது. நீர் நிறைந்த கலனில் மேலும் நடுவிலும் கீழும் மூன்று துளைகள். கீழ்த்துளையின் நீர் மிகத் தொலைவில் விழுவதாகப் படம். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்பது அதன் கருத்து. கருத்தில் பிழையில்லை. ஆனால் போத்தலை மேசைமேல் வைத்து, நீர்மட்டம் 24 செண்டிமீட்டர் குறையாதவாறு ஊற்றிக்கொண்டு, அடியிலிருந்து 6, 12, 18 செண்டிமீட்டர் உயரங்களில் துளையிட்டுப் பார்த்தால் மேசைமேல் மிகத் தொலைவில் விழுவது நடுத்துளையின் நீரே. கணக்குப்படி அது 24 செண்டிமீட்டர் செல்லும்; மேல்துளையின் நீரும் கீழ்த்துளையின் நீரும் ஏறத்தாழ 21 செண்டிமீட்டரில் ஒரே இடத்தில் விழும். செயலில் இவை சற்றுக் குறையலாம், வரிசை மாறாது.

காரணம் வருமாறு. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டியபடி, நீர் வெளிப்படும் வேகம் துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்தைப் பொறுத்தது. கீழ்த்துளையில் வேகம் மிகுதி. ஆனால் மேசை மிக அருகில் இருப்பதால் பறக்க நேரமில்லை. மேல்துளைக்கு நேரம் மிகுதி, வேகம் இல்லை. இரண்டும் அளவாக அமைந்த நடுத்துளை முந்துகிறது. அதே போத்தலை மேசை விளிம்பில் வைத்து நீரைத் தரையில் விழவிட்டால் எல்லாத் துளைக்கும் நேரம் கூடுகிறது. அப்பொழுது கீழ்த்துளை முதலிடம் பெறுகிறது. படமும் மேசையும் முரண்படவில்லை. போத்தல் எங்கே நிற்கிறது என்பதைப் படம் சொல்ல மறந்தது, அவ்வளவே. நூல் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிவை ஒரு பிள்ளைக்கு ஊட்ட இதனினும் மலிவான கருவி கிடைப்பது அரிது. துளையிட்ட போத்தலைக் கழுவி அலமாரியில் வைத்தால் அடுத்த ஆண்டு வகுப்புக்கும் அதுவே உதவும்.

எளிய பொருளும் உயர்ந்த கல்வியும்

இவ்வகைக் கருவிகளை ஏழைப் பள்ளியின் ஈடுகட்டல் என்று குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பல நாடுகளின் பள்ளிகள் ஆய்வுக்கூடம் இழந்து நின்றபோது, கிடைத்த பொருளைக் கொண்டு அறிவியல் கற்பிக்க யுனெஸ்கோ ஒரு கைநூல் வெளியிட்டது. அது வளர்ந்து 1956இல் அறிவியல் ஆசிரியர்க்கான மூலநூலாக வந்து பல மொழிகளில் பரவியது. இந்தியாவில் 1972 முதல் 2002 வரை நடந்த ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் சிற்றூர்ப் பிள்ளைகள் கையிலேயே சோதனையைக் கொடுத்தது. அதில் ஈடுபட்ட பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் தொடங்கிப் போத்தல் வரை கழிபொருளால் நூற்றுக்கணக்கான கருவிகள் ஆக்கிக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இந்நெறியில் உழைத்து வருகிறது.

ஆயினும் ஓரிடத்துக்குப் பொருந்துவது மற்றோரிடத்துக்குப் பொருந்தும் என்பதில்லை. நீர் நிறைத்த போத்தலைத் தகரக்கூரையில் பதித்து இருண்ட வீட்டுக்குப் பகலொளி தரும் முறையை 2002இல் பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்பிரெடோ மோசர் கண்டார். தகரக்கூரை வீட்டுக்கு அது விளக்கு. பத்துமாடிக் கட்டடத்தின் நடுவீட்டுக்கு அது வெறும் போத்தல். அவ்வாறே வெட்டிய போத்தலைத் தாழ்வாரத்தில் பூந்தொட்டியாகத் தொங்கவிடுவது அழகுதான். ஆனால் 20 காசு நாணயமளவு தேங்கிய நீர் போதும் ஏடிஸ் கொசு முட்டையிட. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். டெங்கி பரவும் ஊரில் தொட்டியின் அடியில் துளையும் அதன்கீழ் நீர் நில்லாத தட்டும் கட்டாயம். மழைமானியையும் நாள்தோறும் கொட்டிவிட்டு, சுழிய மட்டத்துக்குப் புதுநீர் விட்டு, முட்டைகள் ஒட்டாதபடி உட்சுவரைத் துடைத்துவைக்கவேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. பெட் போத்தல் 70 பாகை செல்சியசை நெருங்கும் வெந்நீரிலேயே உருவிழக்கும். அதில் கொதிநீர் ஊற்றலாகாது. வெட்டிய விளிம்பு விரலைக் கிழிக்கும், ஒட்டுநாடாவால் மூடவேண்டும். மணலும் கரியும் இட்டுச் செய்யும் போத்தல் வடிகட்டி நீரைத் தெளியச் செய்யுமேயன்றிக் குடிநீராக்காது. மருந்தோ அமிலமோ பானப் போத்தலில் வைப்பது உயிருக்கே கேடு.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் நாற்பது பேனாக் கூடுகள் செய்தால் நாற்பது போத்தல்கள் வெட்டப்படும். ஆண்டிறுதியில் எஞ்சுவது சிலவே. அவ்வகுப்பிலேயே ஒரு மழைமானியும் ஒரு மூன்று துளைப் போத்தலும் செய்துவைத்து, மீதி முப்பத்தெட்டையும் திருப்பிக் கொடுத்தால் 3 வெள்ளி 80 காசு கைக்கு வரும். கணக்கேட்டில் மழையின் அளவும், வகுப்பு உண்டியலில் அந்தக் காசும், பிள்ளைகள் உள்ளத்தில் நீரின் வழியும் நிற்கும். எந்தப் போத்தலை வெட்டுவது, எதனை வெட்டாமல் விடுவது என்று தெரிந்துகொண்ட பிள்ளையே கைவேலையை உண்மையில் கற்ற பிள்ளை.